பனி இறங்கினால் ஏறும் ஊசி

கராஜில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன வாரம் அந்தப் பக்கம் வந்தபோது பார்த்தேன். ஹீட் மீட்டர் ஊசி ஏறி இறங்குகிறது என்று ஒரு வேன் வந்து நின்றது. வண்டிக்காரர் வாயைத் திறப்பதற்குள் உங்களில் இரண்டு பேர் பொனட்டைத் திறந்துவிட்டீர்கள். மூன்றாவது ஆள் தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார். அந்த மனிதர் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் உங்கள் மேல் இல்லை. முப்பத்தைந்து வருடம் நானும் அதையேதான் செய்தேன்.

ரேடியேட்டரை எப்படிக் கழுவுவது, எந்த வயரை எங்கே பிடித்துப் பார்ப்பது என்பதையெல்லாம் கராஜில் உள்ளவர்கள் காட்டித் தருவார்கள். நான் எழுதப்போவது ஒரு பழைய பிக்கப்பைப் பற்றி. நான் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்பு நடந்தது. அந்த நேரம் எனக்குத் தொழிலில் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நினைப்பு இருந்தது. தலைக்கனம் என்று நீங்கள் சொன்னாலும் மறுக்க மாட்டேன்.

அந்த பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்தவர் ஒரு பெண். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. கராஜில் நாங்கள் எல்லோரும் பிக்கப்காரம்மா என்றுதான் சொல்வோம். வயது நாற்பது இருக்கும். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் வீடு. முன்பு அவருடைய கணவர்தான் அந்த வண்டியில் மரக்கறி ஏற்றி ஹட்டனுக்குக் கொண்டுவருவார். கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதானதும் இவர் லைசன்ஸ் எடுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். வாரத்தில் நான்கு நாள் மரக்கறி ஓட்டம். செவ்வாயும் வெள்ளியும் கணவரை நுவரெலியாவுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கே மெஷினில் படுக்கவைத்து இரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள். பத்து மணிக்கு அவருடைய முறை. பிந்தினால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். காத்திருப்பவர்கள் அவ்வளவு பேர், யாரையும் குறை சொல்ல முடியாது. பஸ்ஸில் இரண்டு மூன்று இடத்தில் மாறிப்போக அவருடைய உடம்பு தாங்காது. ஆகவே அந்த பிக்கப் நேரத்துக்குப் போய்ச் சேர்வதில்தான் அந்த மனிதருடைய மூச்சே இருந்தது.

முதல் தடவை வந்தபோது பிக்கப்காரம்மா சொன்னதை இன்றைக்கும் அப்படியே சொல்வேன்.

"அண்ணே, பனி இறங்கினா ஊசி ஏறுதுண்ணே. வெயில்ல ஒழுங்கா நடுவுல நிக்கிது. பனிக்குள்ள போனோன்ன செகப்புக்குப் போயிருது. டீசல் ஊசியும் சேந்து ஏறுது."

நாங்கள் நான்கு பேர் அங்கே நின்றோம். ஒருவன், "அக்கா, அப்ப பனியிலேயே ஓட்டுங்க. டீசல் அடிக்கவே தேவையில்ல" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும் விட்டுவைக்கவில்லை. "பனி பட்டா எஞ்சின் குளிருமா, சூடாகுமாம்மா?" என்று கேட்டேன். பிக்கப்காரம்மாவும் எங்களோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் கணக்கு எனக்குத் தயாராக இருந்தது. நம்முடைய ஊரில் மூடுபனி இருப்பது உயரத்தில். உயரத்துக்குப் போக மேடு ஏற வேண்டும். மேடு ஏறினால் எஞ்சின் சூடாகும். இதில் பனிக்கு என்ன வேலை? போதாததற்கு, ஓட்டுவது புதிதாகக் கற்றுக்கொண்ட ஒரு பெண். "மேட்டுல கியரப் போட்டு இழுக்குறீங்கம்மா, அதான் சூடாகுது" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

"இல்லண்ணே. திரும்பி வாறப்ப எறக்கம்தானே. அப்பவும் பனியில ஏறுதே" என்றார்.

அதுவும் என் காதில் ஏறவில்லை. ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவிக் கொடுத்தேன். அடுத்த தடவை எஞ்சினில் இருக்கும் சென்சரை மாற்றினேன். மூன்றாவது தடவை தேர்மோஸ்டாட்டையே கழற்றி வீசினேன். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்துவைக்கிற சின்ன வால்வு அது. இந்தக் குளிருக்கு அது எதற்கு என்று நம்முடைய மலைநாட்டு மெக்கானிக்குகள் பாதிப்பேர் செய்கிற காரியம்தான். தயவுசெய்து நீங்கள் செய்யாதீர்கள். ஒவ்வொரு தடவையும் நல்ல வெயில் நேரத்தில் டிக்கோயாவரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். ஊசி அசையவில்லை. "சரியாப் போச்சும்மா. அப்படியும் செகப்புக்குப் போனா உடனே எஞ்சின அணைச்சிட்டு அரை மணி நேரம் நில்லுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் நான் சொன்னதைத் தவறாமல் செய்தார். லிந்துலைக்கு மேலே பனி இறங்கும். ஊசி ஏறும். ஓரம் கட்டி, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அரை மணி நேரம் நிற்பார். மறுபடி எடுத்துக் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஏறும். மறுபடி நிற்பார். இப்படி ஒரு செவ்வாய்க்கிழமை மெஷின் தவறிவிட்டது. அடுத்த நாள் பின்னேரம்தான் ஒரு இடம் கிடைத்ததாம், அதுவும் பாதி நேரத்துக்கு.

அந்த வாரம் வியாழக்கிழமை கராஜுக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்து நானும் பதில் தயார் பண்ணிக்கொண்டு நின்றேன். அவர் சண்டை போடவில்லை.

"நாளைக்கு நீங்களே வந்து பக்கத்துல உக்காருங்கண்ணே. நான் ஓட்டுறது தப்புன்னா பாத்துச் சொல்லுங்க. வண்டி தப்புன்னா அதையும் பாருங்க."

உள்ளதைச் சொல்கிறேன். அவருக்கு உதவி செய்ய நான் கிளம்பவில்லை. ஓட்டுவதில்தான் பிழை என்று நிரூபிக்கக் கிளம்பினேன். சாமான் பையை மட்டும் பழக்கத்தில் தூக்கிக்கொண்டேன்.

வெள்ளி காலை ஹட்டனில் ஏறினேன். நடுவில் அவருடைய கணவர், போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகமும் காலும் வீங்கியிருந்தன.  பிக்கப்காரம்மா ஓட்டுவதைக் கொட்டகலை வரும்வரை கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன். ஒரு பிழைகூடப் பிடிக்க முடியவில்லை. மேட்டுக்கு முன்பே கியரைக் குறைத்தார், எஞ்சினைக் கதறவிடவில்லை. என்னைவிட நிதானமாக ஓட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும். தலவாக்கலை தாண்டியபோது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

லிந்துலைக்கு மேலே பனி வந்தது. தேயிலையும் தெரியவில்லை, ரோட்டோரக் கல்லும் தெரியவில்லை. பிக்கப்காரம்மா வேகத்தைக் குறைத்து ஹெட்லைட்டைப் போட்டார். இரண்டு வளைவு போயிருக்க மாட்டோம், ஊசி சிவப்பில் நின்றது.

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன்.

அவர் ஓரம் கட்டினார். கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்பதே கால். "அரை மணி நேரம் நின்னா மெஷின் போயிரும்ணே" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். நடுவில் இருந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். போன முறை அரைகுறையாகச் சுத்தமான இரத்தத்தோடு அவர் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கும் தவறினால் என்ன ஆகும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பயத்தில் இருக்கும்போது பழகின காரியத்தைத்தான் கை செய்யும். என் கையும் எஞ்சினை அணைக்கச் சாவிப் பக்கம்தான் போனது. அவருடைய கணவரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினேன். "எஞ்சின அணைக்காதீங்க, ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கி பொனட்டைத் தூக்கினேன். ஆவி இல்லை. கொதிக்கிற வாடை இல்லை. ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன். அனல் அடிக்கவில்லை. மெதுவாகத் தொட்டேன், பிறகு பிடித்தேன், பிடித்தபடியே நின்றேன். கொதிக்கிற எஞ்சினில் அந்த ஹோஸ் விறைத்து நிற்கும், ஒரு விநாடிகூடக் கை வைக்க முடியாது. இது மிருதுவாக, வெதுவெதுப்பாக இருந்தது.

நான் முன்னால் குனிந்து நின்றதால் ஹெட்லைட் வெளிச்சம் பனியில் பட்டு என் கண்ணைக் கூசச் செய்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு தடவுவதை அவர் பார்த்திருக்க வேண்டும். "கண்ணு கூசுதாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே லைட்டை அணைத்தார்.

உள்ளேயிருந்து அவருடைய கணவரின் குரல் வந்தது. அன்று காலை அவர் பேசிய முதல் பேச்சு அது.

"ஊசி விழுந்திருச்சி."

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். ஊசி நடுவுக்கும் கீழே கிடந்தது. "லைட்டப் போடுங்கம்மா" என்றேன். போட்டார். ஹீட் ஊசி சிவப்புக்கு ஏறியது. டீசல் ஊசியும் கூடவே ஏறியது. "அணைங்க." இரண்டும் இறங்கின. "போடுங்க." ஏறின. எஞ்சினில் இருப்பது தண்ணீர். கண் மூடித் திறப்பதற்குள் தண்ணீர் கொதிக்கவும் ஆறவும் முடியுமா?

பகலில் அவர் லைட் போடுவது பனியில் மட்டும்தான். இருட்டுவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விடுகிறவர். ஆகவே பனி இறங்கினால் ஊசி ஏறும், வெயிலில் ஏறாது, மேட்டிலும் ஏறும், இறக்கத்திலும் ஏறும், டீசல் ஊசியும் ஏறும். முதல் நாளே அவர் வாயால் சொன்னவை இவை. ஒன்றுகூடப் பொய்யில்லை. நான் மூன்று தடவையும் வெயிலில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று கையைத் துடைத்திருக்கிறேன். வண்டிக்காரர் சொல்லும் காரணம் பிழையாக இருக்கலாம், அதைக் கண்டுபிடிக்கத்தான் நாம் இருக்கிறோம். கண்ணால் பார்த்ததை அவர் சொன்னால் அதை நம்பியே ஆக வேண்டும்.

புரிந்துவிட்டது என்பதற்காக உடனே கிளம்பிவிட முடியாது. பனியில் லைட் இல்லாமல் போக முடியாது. லைட் போட்டால் ஊசி சிவப்பில்தான் நிற்கும். வழியில் நிஜமாகவே எஞ்சின் சூடானால் எப்படித் தெரியும்? என் ஊகம் பிழைத்தால் நோயாளியோடு நடு ரோட்டில் நிற்போம். அங்கேயே டாஷ்போர்டைக் கழற்றினால் பத்து மணி தாண்டிவிடும். ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு சொன்னேன்.

"போவோம்மா. ஊசியப் பாத்துப் பயப்படாதீங்க. ரோடு அகலமா இருக்கிற எடத்துல ஓரங்கட்டி ஒருக்கா லைட்ட அணைச்சுக் காட்டுங்க. அப்ப நிக்கிறதுதான் நெசமான ஹீட். நான் பாத்துக்கிறேன்."

"நம்பி ஓட்டவாண்ணே?"

"ஓட்டுங்கம்மா. இன்னைக்கு என்ன நடந்தாலும் அது என் பொறுப்பு."

மூன்று இடத்தில் நின்றோம். ஒவ்வொரு இடத்திலும் லைட்டை அணைத்ததும் ஊசி கீழே வந்து நின்றது. நானுஓயா தாண்டினோம். பத்து மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். கணவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார். 

பிறகு வண்டி நிறுத்தும் இடத்தில் மீட்டர் பலகையைக் கழற்றினேன். இரண்டு ஊசியும் ஒன்றாக ஆடினால் அவற்றுக்குப் பொதுவான ஏதோ ஒன்றுதான் கெட்டிருக்க வேண்டும். பலகையிலிருந்து வண்டி உடம்புக்குப் போகும் எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் அதை வெட்டி, இன்னொரு வயரோடு முறுக்கி, டேப் சுற்றியிருந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. லைட் போட்டதும் பலகையில் இருக்கும் பல்புகளின் கரண்டும் அந்தக் கெட்ட முடிச்சு வழியாகவே போக வேண்டும். அது ஒழுங்காகப் போக வழியில்லாததால் மீட்டர்கள் தாறுமாறாகக் காட்டியிருக்கின்றன.

டேப் சிவப்பு நிறம். எங்கள் கராஜில் எல்லோரும் கறுப்பு டேப்தான் சுற்றுவார்கள். ஒருவர்தான், தன் வேலை தனியாகத் தெரிய வேண்டும் என்று சிவப்பு டேப் சுற்றுவார். அந்தப் பெரிய மனிதர் நான்தான்.

ஆயுத பூசையன்று நம்முடைய கராஜில் வண்டிகளுக்குப் பொட்டு வைத்து மாலை போடுவது உங்களுக்குத் தெரியும். அன்று கேட்டு வருகிறவர்களுக்கு டாஷ்போர்டில் சாமி படம் வைத்து, சுற்றிச் சின்ன பல்ப் கட்டிக் கொடுப்போம், காசு வாங்க மாட்டோம். அந்த வருடம் நான் ஆறு வண்டிக்குக் கட்டினேன். பூசைக்கு நேரமாகிவிட்டது, ஐயர் கூப்பிடுகிறார், பொங்கல் ஆறுகிறது. கைக்கு அகப்பட்ட எர்த் வயரை வெட்டி முறுக்கி டேப்பைச் சுற்றி, வெளிச்சம் வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன். இந்த ஈரக் காற்றில் வெறும் முறுக்கு எத்தனை மாதத்துக்குத் தாங்கும்? ஆறில் ஒன்று இந்த பிக்கப். அடுத்த நாளே மற்ற ஐந்து பேருக்கும் போன் பண்ணி வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டில் முடிச்சு பச்சை பூக்கத் தொடங்கியிருந்தது.

முடிச்சை வெட்டி எறிந்தேன். வயர் நுனியைச் சுரண்டி, ஒழுங்கான முனை வைத்து இறுக்கி, சாமி படத்துக்குத் தனி எர்த் எடுத்தேன். லைட்டைப் போட்டேன். இரண்டு ஊசியும் அசையவில்லை. மொத்தம் அரை மணி நேர வேலை. சிவப்பு டேப் துண்டு கையில் இருந்தது. சுற்றிலும் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. வீசிவிட்டு, பழைய வண்டி, வயர் இற்றுப்போயிருந்தது என்று சொல்லிவிடலாம். அப்படி ஒரு நினைப்பு வரவில்லை என்று சொன்னால் பொய்.

பிக்கப்காரம்மா இரண்டு பிளேன்டீயோடு வந்தார். "கண்டுபுடிச்சிட்டீங்களாண்ணே? நீங்க வந்ததாலதான் அவரு இன்னைக்கு மெஷின்ல படுத்திருக்காரு. சாமி மாதிரி வந்தீங்க" என்றார்.

அந்த வார்த்தைக்குப் பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. டேப்பைக் காட்டினேன். பூசை நாளில் நான் கட்டியது என்று சொன்னேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார். டேப்பைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"மூணு வாட்டி நான் சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"நீங்க கேக்கல."

"கேக்கல."

"அன்னைக்கு மெஷின் தவறிப் போயி வீட்டுக்கு வந்தோம்ல, அவரு படுக்க முடியாம விடியிற வரைக்கும் சொவத்துல சாஞ்சி மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தாரு. எனக்கு ஒழுங்கா ஓட்டத் தெரியாமத்தான் இப்புடி ஆயிருச்சின்னு, நான் அவரு காலப் புடிச்சிக்கிட்டு மன்னிப்புக் கேட்டேண்ணே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில், நாலு பேர் நடமாடும் இடத்தில், கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். தொழிலில் எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். எதுவும் இப்படி வலித்ததில்லை.

"அழுது என்னண்ணே செய்ய" என்றார் அவர், சற்றுக் கடுமையாகவே. "அந்த ஹீட்டரப் பாருங்க. போன வாட்டி நீங்க என்னமோ கழட்டினதிலருந்து சூடு காத்தே வர மாட்டேங்குது. மெஷின்லருந்து எறங்கி வாறப்ப அவருக்குக் கையும் காலும் வெடவெடன்னு நடுங்கும்."

தேர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசியவன் அதையும் யோசித்திருக்கவில்லை. தண்ணீர் சூடாகாவிட்டால் ஹீட்டருக்குச் சூடு எங்கிருந்து வரும்? டவுனுக்கு நடந்துபோய் ஒன்று வாங்கி வந்து, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பூட்டி, தண்ணீர் நிரப்பி, காற்று வெளியேற்றி முடிக்கும்போது இரண்டு மணி ஆகிவிட்டது. பிக்கப்காரம்மா பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றும் என்ன, எதற்கு என்று கேட்டார். நானும் ஒன்று விடாமல் சொன்னேன்.

கராஜில் வேலைச் சீட்டில் வண்டிக்காரர் சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே எழுத வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறதே, அது உங்களுக்கு எரிச்சலாக இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். "பனி இறங்கினா ஊசி ஏறுது" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். உங்கள் மூளையைக் கொண்டு அதை "மேட்டில் சூடாகிறது" என்று திருத்தாதீர்கள். வெயிலில் வராத பழுதை வெயிலில் தேடாதீர்கள். பிழை உங்களுடையது என்று தெரிந்தால், டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுங்கள். பிந்தினால் சொல்ல மனம் வராது.

கணவர் வெளியே வந்தபோது முகத்தில் தெளிவு வந்திருந்தது. அவரிடமும் சொன்னேன். "உங்க வீட்டம்மா ஓட்டுனதுல ஒரு தப்பும் இல்லீங்க. தப்பு நான் கட்டுன வயர்ல."

"அவ ஓட்டுறதப் பக்கத்துல உக்காந்து பாக்குறவன் நான்தானே" என்றார் அவர். "எனக்குத் தெரியும். அவதான் நம்ப மாட்டேன்னுட்டா."

பின்னேரம் திரும்பும்போது நானுஓயாவுக்குக் கீழே பனி மறுபடி இறங்கியது. காலையில் வந்ததைவிட அடர்த்தி. பிக்கப்காரம்மா ஹெட்லைட்டைப் போட்டார். ஹீட்டரிலிருந்து சூடான காற்று வந்து மூன்று பேருடைய காலிலும் பட்டது. கணவர் அப்படியே தூங்கிப்போனார். நான்தான் தலவாக்கலை வரைக்கும் ஊசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது நடுவிலேயே நின்றது.

ஒரு வளைவில் வண்டி குலுங்கியதும் அவர் திடுக்கிட்டு விழித்தார். வெளியே பனி மூடியிருப்பதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, பதறிப்போய்க் கேட்டார்.

"ஊசி எங்க நிக்கிது?"

"தெரியலீங்க" என்றார் பிக்கப்காரம்மா, ரோட்டைப் பார்த்து ஓட்டியபடியே. "நான் பாக்கல."